துணிக்குக் காவல்

மே 6, திங்கள்

இந்த டைரி யூனியனில் கொடுத்தது. கேஸ் சிலிண்டர் வந்த தேதியைக் குறிப்பதைத் தவிர இதுவரை இதற்கு ஒரு வேலையும் இல்லை. இன்றைக்கு எழுதும்படி ஒரு காரியம் செய்திருக்கிறேன்.

நீச்சல் குளத்தில் சேர்ந்துவிட்டேன். ஐம்பத்தொரு வயதில், பாளையங்கோட்டையில், எல்லாரும் பார்க்க.

விண்ணப்பத்தில் 'உடல் குறைபாடு' என்ற இடத்தில் 'இடது கால், போலியோ' என்று எழுதினேன். 'சேரும் காரணம்' என்ற இடத்தில் 'முதுகு வலி, டாக்டர் ஆலோசனை' என்று எழுதினேன். டாக்டர் நீச்சல் என்று சொல்லவில்லை. "ஏதாவது எக்சர்சைஸ் பண்ணுங்க" என்றார். நீச்சலும் அதில் சேர்த்திதானே.

என் வீட்டுக்காரர் சண்முகநாதன் ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டே இரண்டு தரம் கேட்டார்: "ஆவுட, நெசமாத்தான் சொல்லுதியா?" முதல் தரத்துக்கு மட்டும் "ஆமா" என்றேன். இருபத்தாறு வருஷமாக ரயில்வே முன்பதிவு கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரே கேள்விக்கு இரண்டு தரம் பதில் சொல்லும் வழக்கம் எனக்குக் கிடையாது.

மே 7, செவ்வாய்

பெண்கள் வகுப்பு காலை ஆறரைக்கு. சொல்லிக்கொடுப்பவள் பெயர் ரெக்ஸ்லின், இருபத்தாறு வயது இருக்கும், கன்னியாகுமரிப் பக்கம் ஒரு கடற்கரை ஊர்க்காரி.

காலிப்பரைக் கழற்றி பெஞ்சில் வைத்தேன். தொடையிலிருந்து பூட்ஸ் வரை இரும்பும் தோல் வாருமாக மூன்று கிலோ. அது இல்லாவிட்டால் இந்தக் கால் என்னை நிறுத்தாது. பெஞ்சிலிருந்து தண்ணீருக்குப் பதினோரு எட்டு. இடது முழங்காலைக் கையால் அழுத்தி அழுத்தி நடந்தேன். ரெக்ஸ்லின் கை நீட்டினாள். வேண்டாம் என்றேன். கையை எடுத்துவிட்டாள், ஆனால் பக்கத்திலேயே நடந்து வந்தாள். சரி, பிழைத்துப்போகட்டும்.

"எக்கா, இது என்னத்துக்கு உள்ள ஒரு பேண்ட்டு, வெளிய ஒரு பேண்ட்டு?"

"குளிரும்" என்றேன். மே மாதம், திருநெல்வேலியில்.

ஒரு மணி நேரமும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவ்வளவுதான் இன்றைக்கு.

மே 9, வியாழன்

அக்கா உலகம்மாள் கல்லிடைக்குறிச்சியிலிருந்து போன் செய்தாள். அத்தானுக்கு அறுபது முடிகிறது. அவர் பிறந்தது ஆடி மாசம், அதனால் ஜூலை இருபத்தேழில் சஷ்டியப்தபூர்த்தி. மறுநாள் காலை வழக்கம்போல எல்லாரும் ஆற்றுக்குப் போய்க் குளிப்பார்களாம்.

"நீ ஒண்ணும் செய்யாண்டாம்ட்டி. வந்து படித்துறையில உக்காந்திரு, போதும். நகையெல்லாம் ஒன் கையிலதான் குடுக்கணும். ஒன்ன மாதிரி நம்பிக்கையான ஆளு யாரு இருக்கா?"

"சரிக்கா" என்றேன்.

மத்தியானம் புளிக்குழம்பில் உப்பு கூடிவிட்டது. இவர் இரண்டு டம்ளர் மோர் குடித்தார்.

மே 14, செவ்வாய்

முகத்தைத் தண்ணீரில் வைத்து மூச்சு விடச் சொன்னாள் ரெக்ஸ்லின். வைத்தேன், மூச்சை விடவில்லை. குடித்தேன். இருமினேன். பக்கத்தில் எட்டு வயதுப் பெண் ஒன்று மீன் மாதிரிப் போகிறது, போகிற போக்கில் என்னைப் பார்த்துச் சிரிக்கவும் சிரிக்கிறது. குட்டிப் பிசாசு.

மே 20, திங்கள்

வீட்டில் யாரும் இல்லை. எழுதித் தொலைக்கிறேன்.

எங்கள் ஊர்ப் படித்துறைக்கு எதிரே, ஆற்றுக்கு நடுவில் ஒரு கல்மண்டபம் உண்டு. நாலு தூண், மேலே கூரை, கரையிலிருந்து முப்பது மீட்டர் இருக்கும். அக்கா, சித்தி பிள்ளைகள், பெரியப்பா பிள்ளைகள் எல்லாரும் நீந்திப் போய் அதில் ஏறி உட்கார்ந்து கூத்தடிப்பார்கள். நான் படித்துறையில் உட்கார்ந்து துணிக்குக் காவல் இருப்பேன். பாவாடை, சட்டை, செருப்பு, சோப்பு டப்பா, கம்மல். அவர்கள் அங்கேயிருந்து கை காட்டுவார்கள். நானும் காட்டுவேன். ஒரு சோப்பு டப்பா தொலைந்ததில்லை என் காவலில்.

ஒன்பது வயதில் ஒரு நாள், எவரும் பார்க்காதபோது நானே இறங்கினேன். மூன்றாம் படி பாசி. அடுத்து எனக்கு நினைவு இருப்பது, அக்கா உலகு என் தலைமுடியைப் பிடித்து இழுத்துப் படியில் போட்டு ஓங்கி ஓர் அறை அறைந்தது. அவளுக்குப் பதினாலு வயது. அன்று ராத்திரி அப்பா அவளைப் பெல்ட்டால் அடித்தார், சின்னவளை ஏன் தனியாக விட்டாய் என்று. அதன்பிறகு என்னைக் கடைசிப் படிக்குக்கூட அவள் விட்டதில்லை. "ஏட்டி, அங்கனயே இரு, அசையாத" என்பாள். நான் வேலைக்கு வந்து, கல்யாணம் ஆகிற வரைக்கும் இதே கதைதான்.

அந்த அறையை நான் இன்னும் மறக்கவில்லை.

முதுகு வலி உண்மைதான். ஆனால் நான் சேர்ந்தது அதற்காக இல்லை. ஜூலை இருபத்தெட்டாம் தேதி அந்தக் கல்மண்டபத்துக்கு நான் நீந்திப் போகிறேன். எழுதியாயிற்று.

மே 29, புதன்

மூச்சு விட வந்துவிட்டது. தண்ணீருக்குள் குமிழி விடும்போது ஒரு சத்தம் கேட்கிறது. நன்றாகத்தான் இருக்கிறது. மிதக்கும் பலகையைப் பிடித்துக்கொண்டு பாதி தூரம் போனேன்.

இன்றைக்குக் கவுண்டரில் ஒருத்தர் வந்து தட்கால் கிடைக்கவில்லை என்று கத்தினார். மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டே கேட்டேன். அவர்தான் களைத்துப்போனார்.

ஜூன் 3, திங்கள்

பலகை இல்லாமல் முயன்றேன். கை எனக்கு நல்ல பலம். முப்பது வருஷம் கைப்பிடிச் சுவரையும் பஸ் கம்பியையும் பிடித்து ஏறிய கை. அந்தக் கையால் தண்ணீரை அடித்தேன் பாருங்கள், குளத்தில் பாதி வெளியே வந்திருக்கும். ஐந்து மீட்டர் போவதற்குள் இடுப்பு கீழே போய்விட்டது. அதோடு இடது பக்கமாகவே இழுத்துக்கொண்டு போகிறது. பக்கத்துத் தடத்தைப் பிரிக்கும் கயிற்றில் போய்த் தலை முட்டியது.

அந்தக் கால்தான். வேறு என்ன. அதுதான் கீழே இழுக்கிறது.

ஜூன் 4, செவ்வாய்

மறுபடி கயிற்றில் முட்டினேன். எழுதப் பிடிக்கவில்லை.

ஜூன் 6, வியாழன்

இவர் வெளியே டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறார். பெண்கள் நேரத்தில் ஆண்களை உள்ளே விடமாட்டார்கள். தினமும் நான் வெளியே வந்தவுடன் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பேச்சை ஆரம்பிக்கிறார். இன்றைக்கு "தோசையா இட்லியா?" என்று மட்டும் கேட்டார். டீக்கடைக்காரர் சொல்கிறார், உள்ளே விசில் ஊதினால் இவர் எழுந்து நின்றுவிடுகிறாராம். மின்வாரியத்தில் கம்பத்தில் ஏறி வேலை பார்த்த மனுஷன், விசிலுக்குப் பயப்படுகிறார்.

ஜூன் 11, செவ்வாய்

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

ரெக்ஸ்லின் சொன்னாள்: "எக்கா, இன்னைக்கு நீந்தாண்டாம். மல்லாக்கக் கெடங்க, போதும். ஒண்ணும் செய்யாண்டாம்."

"ஒண்ணும் செய்யாட்டா முங்கிருவேன்."

"நான் தலையப் பிடிச்சிருக்கேன்லா."

படுத்தேன். என் பின்தலைக்குக் கீழே அவளுடைய இரண்டு உள்ளங்கைகள். காது தண்ணீருக்குள் போனதும் குளத்துச் சத்தமெல்லாம் அடங்கிவிட்டது. என் மூச்சுச் சத்தம் மட்டும்தான். வழக்கம்போல இடுப்பு இறங்க ஆரம்பித்தது.

"இப்ப ஒங்க காலப் பாருங்க. தலையத் தூக்காம, கண்ண மட்டும் இறக்கி."

பார்த்தேன். இடது கால், பஞ்சு மாதிரி, தண்ணீருக்கு மேலே வந்து கிடந்தது. விரல் ஐந்தும் வெளியே. அது மிதந்துகொண்டிருந்தது! கீழே போய்க்கொண்டிருந்தது வலது கால். என் நல்ல கால். முழங்கால் விறைத்து, பாதம் வளைந்து, இல்லாத தரையைத் தேடிக்கொண்டிருந்தது.

"எக்கா, அந்தக் காலு ஒங்கள முக்கல்ல. இந்தக் காலுதான் முக்குது. அதுக்கு நிக்க மட்டுந்தான் தெரியும். தண்ணியிலயும் நின்னுக்கிட்டே இருக்கு, பாவம்."

ஐம்பது வருஷமாக இரண்டு காலின் வேலையை அது ஒன்றே செய்கிறது. ராத்திரி படுத்தாலும் அது தளர்ந்து நான் பார்த்ததில்லை. என் உடம்பில் எது குற்றவாளி என்று கேட்டால் யோசிக்காமல் இடது காலைக் காட்டியிருப்பேன். பேச்சுக்கு ஒரு தரம்கூட மற்றதைச் சந்தேகப்பட்டதில்லை.

ரெக்ஸ்லின் வலது தொடையில் லேசாகத் தட்டினாள். "விடுங்க. இங்க வேல இல்ல." தொடையை விட்டேன். முழங்காலை விட்டேன். பாதத்தை விடத்தான் நேரமானது. விட்டதும் மெதுவாக, ஏதோ வெட்கப்படுகிற மாதிரி, அது மேலே வந்தது. இரண்டு காலும் பக்கத்தில் பக்கத்தில். ஒன்று தடி, ஒன்று குச்சி. இரண்டும் ஒரே மட்டத்தில் இருந்து நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

அழுதேன். தண்ணீரில் அழுதால் தெரியாது என்பது சும்மா. ரெக்ஸ்லினுக்குத் தெரிந்தது. "கண்ணுல குளோரின்" என்றேன். "ஆமா எக்கா, இன்னைக்குக் கூடுதல்தான்" என்றாள் நல்ல பிள்ளை.

அவள் கையை எப்போது எடுத்தாள் என்று எனக்குத் தெரியாது.

ஜூன் 12, புதன்

இரண்டு பேண்ட்டையும் மூட்டை கட்டிவிட்டேன். முழங்கால் வரைக்கும் வரும் நீச்சல் உடை ஒன்று வாங்கினேன். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். மிதக்கிற கால் அது.

ஜூன் 22, சனி

இப்போது அடிப்பதில்லை. கையை நீட்டி, தண்ணீரைப் பிடித்து, உடம்பை அதன்மேல் சறுக்கவிடுகிறேன். வலது கால் சும்மா பின்னால் வரும், கொஞ்சமாக அசையும், அவ்வளவுதான் அதற்கு அனுமதி. உதைத்தால் உடனே இடது பக்கம் இழுத்துவிடும்.

முன்னால் பார்க்காதீர்கள், தரையைப் பாருங்கள் என்கிறாள் ரெக்ஸ்லின். எனக்கா சொல்லித்தர வேண்டும்? விழுந்துவிடாமல் இருக்கத் தரையைப் பார்த்தே ஆயுசில் பாதி போனவள். பஸ் ஸ்டாண்டில் எவன் முகமும் எனக்குத் தெரியாது, எல்லார் செருப்பும் தெரியும். அந்த வித்தை இங்கே உதவுகிறது. தரையில் நீலக் கோடு ஒன்று போகிறது. அதன் மேலேயே போனேன். கயிற்றில் முட்டவில்லை.

இருபத்தைந்து மீட்டர். முழுசாக. சுவரைத் தொட்டுத் திரும்பிப் பார்த்தேன். அந்தக் குட்டிப் பிசாசு கை தட்டியது. நல்ல பிள்ளைதான் அது.

வெளியே வந்ததும் இவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நேராக அல்வாக் கடைக்கு வண்டியை விட்டார்.

ஜூலை 2, செவ்வாய்

அக்கா போன். பந்திக்கு எத்தனை இலை, யாருக்கு என்ன சேலை என்று அரை மணி நேரம். கடைசியில், "காலிப்பருக்கு அடியில ரப்பர் தேஞ்சிருந்தா மாத்திட்டு வா. படித்துறை வழுக்கும். தண்ணிப் பக்கம் போயிராத" என்றாள்.

இந்த வயதிலும் எனக்கு இதைச் சொல்கிறாள். அவ்வளவு இளக்காரம் என்மேல். பல்லைக் கடித்துக்கொண்டு "சரிக்கா" என்றேன்.

ஜூலை 10, புதன்

நிற்காமல் ஐம்பது. மூச்சு வாங்கவில்லை. இறங்கும்போது இருந்ததைவிட ஏறும்போது உடம்பு லேசாக இருந்தது.

ஜூலை 19, வெள்ளி

ரெக்ஸ்லினிடம் ஆற்றுக் கதையைச் சொன்னேன். உடனே முகம் மாறிவிட்டது. "ஆறு குளம் மாதிரி இல்ல எக்கா. அணையில தண்ணி தொறந்தா போகாண்டாம். தனியா போகாண்டாம், நல்லா நீந்துத ஆளு ஒண்ணு கூடவே வரணும். நேரா மண்டபத்தப் பாத்துப் போகாண்டாம், மேல் பக்கமா எறங்கி, தண்ணி இழுக்குததுக்கு ஒடம்பக் குடுத்துப் போகணும். சண்ட போடக் கூடாது."

"நான் சண்டை போடுறத விட்டு ஒரு மாசம் ஆச்சு" என்றேன்.

"தண்ணிகிட்டயா, மனுஷங்ககிட்டயா?" என்றாள். வாய் நீளம்தான் இவளுக்கு.

அக்கா மகள் சங்கரியிடம் போனில் சொல்லிவைத்தேன். அவள் சென்னையில் வேலை பார்க்கிறாள், நன்றாக நீந்துவாள். "சித்தி! அம்மாக்குத் தெரியுமா?" என்று கத்தினாள். தெரியக் கூடாது என்று சத்தியம் வாங்கினேன்.

ஜூலை 27, சனி. கல்லிடைக்குறிச்சி

விசேஷம் நன்றாக நடந்தது. அத்தான் மறுபடி தாலி கட்டும்போது முடிச்சு நழுவியது, எல்லாரும் சிரித்தோம். பாயசம் எனக்கு இரண்டு தரம் அக்காவே கொண்டுவந்து ஊற்றினாள்.

இவர் எங்கேயோ போய் ஒரு லாரி டியூபைக் காற்றடைத்துக் கொண்டுவந்து பின்கட்டில் ஒளித்துவைத்திருக்கிறார். என்ன இது என்றேன். "சும்மா, கெடக்கட்டும்" என்றார். எனக்கு அவமானமாக இருந்தது. திருப்பிக் கொடுக்கச் சொல்லவில்லை.

அணையில் தண்ணீர் திறக்கவில்லை என்று மூன்று பேரிடம் விசாரித்துவிட்டாராம்.

ஜூலை 28, ஞாயிறு

காலை எட்டு மணிக்குப் படித்துறை. பிள்ளைகள் எல்லாம் எங்களுக்கு முன்னால் நீந்தி மண்டபத்தில் ஏறிவிட்டார்கள். ஆறு, நடுவில் ஆள் முங்கும் ஆழம், தெளிவாகப் போய்க்கொண்டிருந்தது. அக்கா படியில் உட்கார்ந்தபடியே செயினையும் வளையலையும் கழற்றி மஞ்சள் பைக்குள் போட்டு என்னிடம் நீட்டினாள்.

"இந்தா பிடி. பத்திரம்."

நான் பையை வாங்கவில்லை. படியில் உட்கார்ந்து காலிப்பரின் வார்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். என் செயினையும் கழற்றினேன். இரண்டையும் அவள் மடியில் வைத்தேன்.

"இன்னைக்கு நீ காவல் இரு அக்கா."

அவளுக்கு முதலில் புரியவில்லை. நான் சேலையை அவிழ்த்து, உள்ளே இருந்த நீச்சல் உடை தெரிந்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது. "ஏட்டி ஆவுட! கிறுக்கு பிடிச்சிருக்கா? மூணாம் படி பாசிட்டி! ஏங்க, இவளப் பிடிங்க!" அத்தான் விழித்தார். என் வீட்டுக்காரர் இடுப்பளவு தண்ணீரில், லாரி டியூபை மாலை மாதிரி மாட்டிக்கொண்டு நின்றார். சிரிப்பு வந்துவிட்டது எனக்கு.

மேல்பக்கப் படியிலிருந்து உட்கார்ந்தபடியே இறங்கினேன். மூன்றாம் படி. பாசி இன்னும் இருக்கிறது. கையால் தடவிப் பார்த்து, அதைத் தாண்டி, தண்ணீருக்கு உடம்பைக் கொடுத்தேன்.

குளிர்ந்தது. நீலக் கோடு இல்லை, கீழே கூழாங்கல்தான். ஒரு நொடி வலது கால் விறைத்துக்கொண்டு தரையைத் தேடியது. 'விடு, இங்க வேல இல்ல' என்றேன் அதனிடம். விட்டது. பக்கத்தில் சங்கரி வருவது தெரிந்தது. ஆறு என்னை இடது பக்கம் இழுத்தது. இழு என்று விட்டேன், அந்தப் பக்கம்தானே மண்டபம். எத்தனை கை வீசினேன் என்று தெரியாது. தூணைத் தொட்டபோது மூச்சுக்கூட வாங்கவில்லை.

ஏறி உட்கார்ந்தேன். மண்டபத்தில் ஒன்றுமே இல்லை. கல், பாசி, யாரோ விட்டுப்போன ஷாம்பு கவர். இதற்கா இத்தனை வருஷம் என்று நினைத்தேன். ஆமாம், இதற்குத்தான். தலையிலிருந்து கால் வரைக்கும் சொட்டச் சொட்ட வெயிலில் உட்கார்ந்திருந்தேன். பெருமையாக இருந்தது. இதை எழுத எனக்கு வெட்கமே இல்லை.

கரையைப் பார்த்துக் கை காட்டினேன். அக்கா கை காட்டவில்லை. காலிப்பரை மடியில் இறுக்கிப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அரை மணி நேரம் கழித்துத் திரும்பினேன். வரும்போது தண்ணீருக்கு எதிர்ப்பக்கம், கொஞ்சம் கஷ்டம்தான், கடைசி ஐந்து மீட்டருக்கு டியூபைப் பிடித்துக்கொண்டேன். அதையும் எழுதிவிடுகிறேன். இவருக்கு அதில் அவ்வளவு சந்தோஷம்.

அக்கா என் தலைமுடியைப் பிடித்தாள். அறையப் போகிறாள் என்றே நினைத்தேன். துண்டை எடுத்துத் தலையைத் துவட்டினாள், ஓங்கி ஓங்கி, கழுத்து வலிக்கிற அளவுக்கு. அவள் உள்ளங்கையில் காலிப்பர் பக்கிளின் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது. அவ்வளவு நேரமும் அதைப் பிடித்த பிடி விடவில்லை போலிருக்கிறது.

நகைப் பையைத் திறந்து காட்டினாள். எல்லாம் சரியாக இருந்தது.

பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து, ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ஒரே எடத்துல உக்காந்திருந்ததுல முதுகெல்லாம் வலிக்கிட்டி. அங்கன இருந்து கை காட்டுதீங்களே தவிர, ஒருத்தராவது திரும்பி வந்து என்ன ஏதுன்னு கேக்கல."

"ஆமாக்கா" என்றேன். "வலிக்கும்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் குனிந்து, என் இடது காலைத் தன் மடியில் தூக்கி வைத்து, காலிப்பரின் வார்களை அவளே ஒவ்வொன்றாக மாட்டிவிட்டாள்.